கோரோவிலிருந்து வியா ரொவெல்லோ வரை: மில்வாவைத் தேடி ஆறு நாள்

முதல் நாள் – போலோனியா

இறங்கும்போதே மழை. ஆனால் போலோனியாவில் மழைக்குக் குடை தேவையில்லை. பழைய நகரத்தில் மட்டும் முப்பத்தெட்டு கிலோமீட்டருக்குத் தூண் வைத்த நடைகூடங்கள் இருக்கின்றன. பெட்டியை உருட்டிக்கொண்டு ரயில் நிலையத்திலிருந்து விடுதி வரை கிட்டத்தட்ட நனையாமலே வந்துவிட்டேன்.

இந்தப் பயணம் ஒரு குரலுக்காக. சில வருடங்களுக்கு முன் அர்ஜென்டினா இசைக்கலைஞர் அஸ்டோர் பியசோலாவின் டாங்கோ கேட்கப் போய், 1984இல் பாரிஸின் பூஃப் து நோர் அரங்கில் பதிவான ஒரு கச்சேரி கையில் கிடைத்தது. பியசோலாவின் பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியத்துக்கு ஈடுகொடுத்து ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். பாடுகிறாரா, பேசுகிறாரா, யாரிடமோ கணக்குத் தீர்க்கிறாரா என்று முதலில் புரியவில்லை. பெயர் மில்வா என்று இருந்தது. அன்றைக்கு இரவே மூன்று தடவை கேட்டேன். இத்தாலிய மொழி கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதே அவரால்தான். இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனேன். இப்போது கடைக்காரரிடம் பேசிச் சமாளிக்கும் அளவுக்கு வருகிறது.

முழுப்பெயர் மரியா இல்வா பியோல்காட்டி. பிறந்தது 1939 ஜூலை 17, போ நதி கடலில் சேரும் இடத்தில் உள்ள கோரோ என்ற மீனவ ஊரில். அப்பாவுக்கு மீன் வியாபாரம், அம்மா தையல்காரி. குடும்பம் பிழைப்புக்காகப் போலோனியா வந்தது. இங்கேதான் அவர் பாட்டு கற்றுக்கொண்டார். இரவு விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் ‘சப்ரீனா’ என்ற பெயரில் பாடினார். 1959இல் இத்தாலிய வானொலி நிறுவனமான ராய் நடத்திய புதுக்குரல் போட்டியில் 7600 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். முதலிடம் இவருக்கு.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் நடைகூடங்களில் சும்மா நடந்தேன். ஒரு மதுக்கடையில் கல்லூரிப் பிள்ளைகள் கிட்டாரோடு கூட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். எந்த விடுதியில் சப்ரீனா பாடினார் என்று நான் தேடப் போவதில்லை. குடும்பத்துக்குச் சம்பாதிக்கப் பாடிய ஒரு இளம்பெண் நடு இரவில் இந்தத் தூண்களுக்கு நடுவே வீட்டுக்கு நடந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாம் நாள் – கோரோ

ஃபெராரா வரை ரயில், அங்கிருந்து கோதிகோரோ வரை ஒரு சின்ன ரயில், அதற்கப்புறம் பேருந்து. இதுதான் திட்டம். கோதிகோரோவில் இறங்கியபோது பேருந்து கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று நின்றவர்கள் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். விடுதி அம்மாவுக்கு போன் போட்டேன். “அங்கேயே நில், நான் வருகிறேன்” என்று சொல்லி, மீன் வாடை அடிக்கும் ஒரு பழைய காரில் வந்து ஏற்றிக்கொண்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எதற்காக இந்த நவம்பரில் கோரோ என்று கேட்டார். மில்வா என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டினார். அப்புறம் “லா நோஸ்த்ரா” என்றார். எங்களவள்.

இந்த நிலம் மேடு பள்ளமில்லாத தட்டு. இருபுறமும் வாய்க்கால், கரை, நாணல், நடுவே நேர்ச்சாலை. பல இடங்களில் ஆறு சாலையைவிட உயரத்தில் ஓடுகிறது. கரைமேல் ஏறினால்தான் தண்ணீர் கண்ணில் படும். போ தி கோரோ என்ற இந்தக் கிளை ஆறுதான் எமிலியா ரொமாஞாவுக்கும் வெனெத்தோவுக்கும் எல்லை. காலையில் மூடிய பனி மதியம் வரை விலகவில்லை. படகுத்துறையில் நின்று பார்த்தால் நாலாவது படகுக்கு அப்பால் வெள்ளைதான்.

துறையில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கோரோவின் உப்பங்கழிக்கு சாக்கா தி கோரோ என்று பெயர். ஆழமில்லாத சேற்றுத் தண்ணீர். 1980களில் இங்கே பிலிப்பைன்ஸ் மட்டியை விதைத்து வளர்க்க ஆரம்பித்தார்கள். வயல் மாதிரி பிரித்து, குஞ்சு விட்டு, வளர்ந்ததும் அள்ளுவது. இத்தாலியர்கள் ஸ்பகெட்டியோடு சாப்பிடும் மட்டியில் பெரும்பங்கு இந்தக் கழிமுகப் பகுதியிலிருந்துதான் போகிறது. ஊரே அதில் நிமிர்ந்தது. பிறகு 2023இல் அமெரிக்க நீல நண்டு பெருகி, குஞ்சு மட்டிகளைத் தின்று தீர்த்துவிட்டது. துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டுக் கைவிரல்களை இடுக்கி போலக் காட்டினார். “ஓடு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் உடைத்துவிடும்.” அவர் குரலில் இருந்த சோர்வை என்னால் சாயங்காலம் வரை உதற முடியவில்லை.

மில்வா பிறந்தபோது இந்த மட்டிக் காலம் கிடையாது. ஆறும் கடலும் அன்றன்று கொடுத்தால் உண்டு. மீன் வாங்கி விற்கிற வீட்டுக்கு அது என்ன நிச்சயம்? மில்வாவின் உழைப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எத்தனை மொழி, எத்தனை மேடை, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று பார்க்கும்போதெல்லாம், இந்தச் சேற்றுக்கரை வீட்டுப் பிள்ளை என்பதை மறக்காமல் இருந்தால்தான் அது புரிகிறது. கலைக் குடும்பத்திலிருந்து வந்தவர் அல்லர். நாடகத்தை யாரும் அவர் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை.

1960களில் இத்தாலியப் பத்திரிகைகள் மூன்று பாடகிகளுக்கு விலங்குப் பெயர் வைத்தன. மினா, கிரெமோனாவின் புலி. இவா சானிக்கி, லிகோன்கியோவின் கழுகு. மில்வா, கோரோவின் சிறுத்தை. ஊர்ப் பெயரோடு சேர்ந்த பட்டம் என்பதால் கோரோ என்ற பெயரை நாடு முழுக்கத் தெரிந்துகொண்டது. அந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பாய்ச்சலும் உறுமலும்தான் அவர் என்று அது சொல்கிறது. நான் கேட்ட மில்வாவிடம் அதைவிட அதிகம் இருப்பது கட்டுப்பாடு.

ராத்திரி விடுதி அம்மா மட்டி போட்ட ஸ்பகெட்டி வைத்தார். எண்ணெய், பூண்டு, கொஞ்சம் வோக்கோசு இலை, வேறெதுவும் இல்லை. விலை ஏறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போனில் ஒரு பாட்டைப் போட, மேஜைத் துணியை மடித்துக்கொண்டே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கூடவே வாயசைத்தார்.

மூன்றாம் நாள் – ரயிலில்

இன்று எழுத அதிகமில்லை. கோரோவிலிருந்து சான்ரேமோ என்றால் நாட்டின் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போவது. ஃபெராரா, போலோனியா, ஜெனோவா. ஜெனோவாவுக்கு அப்புறம் ஒரு சுரங்கம், ஒரு கடல், ஒரு சுரங்கம், ஒரு கடல். சான்ரேமோ நிலையமே மலைக்குள் இருக்கிறது. இறங்கி வெளிச்சத்தைப் பார்க்க நெடுந்தூரம் நடக்க வேண்டும். பழைய ரயில் பாதையைக் கடலோர சைக்கிள் பாதையாக மாற்றிவிட்டார்கள். கால் வலிக்கிறது. தூங்கப் போகிறேன்.

நான்காம் நாள் – சான்ரேமோ

சான்ரேமோ பாட்டு விழா 1951இல் தொடங்கியது. இத்தாலியில் அது ஒரு வாரக் குடும்ப விசேஷம் மாதிரி. யார் பாடினார்கள், யார் தோற்றார்கள் என்று பல வருடம் கழித்தும் பேசுவார்கள். இப்போது நடப்பது அரிஸ்டோன் திரையரங்கில். 1976 வரை நடந்தது நகரத்தின் சூதாட்ட மாளிகையில். காலையில் முதலில் அங்கேதான் போனேன். வெள்ளை முகப்பு, படிக்கட்டு, பனைமரம். 1961இல் இருபத்தொரு வயது மில்வா இந்தப் படியில்தான் ஏறியிருக்கிறார்.

அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய முதல் இசைத்தட்டு வந்திருந்தது. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் ‘மிலோர்’ பாடல், இத்தாலிய மொழியில். அந்த 1961 விழாவில் அவர் பாடியது ‘இல் மாரே நெல் கஸெத்தோ’, அதாவது மேஜை இழுப்பறைக்குள் கடல். மூன்றாம் இடம். அடுத்த வருடம் ‘தாங்கோ இத்தாலியானோ’. இரண்டாம் இடம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பாட வேண்டும். 1962இல் முதலிடம் பிடித்த பாட்டைப் பாடியவர்கள் கிளாவுடியோ வில்லாவும் தொமேனிகோ மொதுன்யோவும். மொதுன்யோ என்றால் ‘வோலாரே’ பாடிய அதே ஆள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மிலானில் மறுபடி வருவார்.

மில்வா இந்த விழாவுக்கு மொத்தம் பதினைந்து தடவை வந்தார். கடைசியாக 2007இல். அந்தக் கணக்கில் அவரை மிஞ்சியவர் யாருமில்லை, நிகராக நிற்பவர்கள் சிலர்தான். ஒரு தடவைகூட முதலிடம் கிடைக்கவில்லை.

அரிஸ்டோன் இருக்கும் வியா மத்தியோத்தி கடைத்தெருவில் நடைபாதைக் கல்லிலேயே விழாவில் வென்றவர்களின் பெயர்ப் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள், வருட வாரியாக. ஷாப்பிங் பைகளோடு ஆட்கள் அவற்றின்மேல் நடந்து போகிறார்கள். நான் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். 1961. பெட்டி கர்ட்டிஸ், லூச்சியானோ தாயோலி. 1962. இல்லை. எங்கேயும் இல்லை. தெரிந்துதான் வந்தேன். இருந்தும் தெருவின் கடைசி வரை போய்த் திரும்பும்போது மனசு கனத்தது. ஐஸ்கிரீம் கடைப் பையன் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டான். பெயரைச் சொன்னேன். “ஆ, லா ரோஸா!” என்றான். சிவப்பழகி. அவனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. பாடகர் என்ஸோ யன்னாச்சி அவருக்காகவே எழுதிய பாட்டு ‘லா ரோஸா’, 1980இல் வந்தது. சிவப்பு என்றால் மில்வாவின் தலைமுடியும்தான், அவருடைய இடதுசாரிச் சாய்வும்தான். இத்தாலிய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். 2018இல் இதே சான்ரேமோ விழா அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. அவரால் வர முடியவில்லை. கலை வரலாற்றாசிரியரான மகள் மார்த்தினா கொர்ஞாத்தி வந்து வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் – மிலான், வியா ரொவெல்லோ

இந்த நாளுக்காகத்தான் மற்ற நாட்கள் எல்லாம்.

தோமோ தேவாலயத்திலிருந்து பத்து நிமிட நடையில் வியா ரொவெல்லோ. தெரு அகலமில்லை. இரண்டாம் எண் கட்டடம்தான் பிக்கோலோ தியாத்ரோ, சின்ன நாடக அரங்கு. 1947 மே 14 அன்று நாடக இயக்குநர் ஜோர்ஜோ ஸ்ட்ரேலர், பாவுலோ கிராஸி, நினா வின்கி மூவரும் சேர்ந்து தொடங்கினார்கள். இத்தாலியில் பொதுப் பணத்தில் நடக்கும் முதல் நிலையான நாடக அரங்கு இது. போருக்கு முன் இங்கே ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. போரின் கடைசி இரண்டு வருடங்களில் முத்தி என்ற பாசிசப் படைப்பிரிவு இந்தக் கட்டடத்தைப் பாசறையாக வைத்துக்கொண்டு, பிடித்துவந்தவர்களை இங்கேயே சித்திரவதை செய்தது. அந்த அறைகளைக் கழுவிவிட்டுத்தான் நாடகம் போட்டார்கள். நுழைவாயிலில் நின்றபோது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மில்வா 1965இல் விடுதலைப் பாடல்களைத் தொகுத்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். பாசிசத்தை எதிர்த்தவர்களின், அடிமைத்தனத்தை எதிர்த்தவர்களின் பாடல்கள். சான்ரேமோவில் இரண்டு தடவை முதலிடத்துக்கு நெருங்கி வந்த, வானொலியில் தினமும் ஒலித்த ஒரு பாடகி தன் இருபத்தாறு வயதில் எடுத்த முடிவு அது. அந்த 1960களின் நடுவில்தான் பிக்கோலோ பக்கம் அவர் வருகிறார், ஸ்ட்ரேலரைச் சந்திக்கிறார், ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் பாடல்களுக்குள் நுழைகிறார். அதிலிருந்து அவர் வேறு ஆள்.

பிரெக்டுக்கும் இந்த அரங்குக்கும் ஏற்கெனவே உறவு உண்டு. 1956இல் ஸ்ட்ரேலர் பிரெக்டின் ‘மூன்று காசு இசைநாடகத்தை’ இங்கே அரங்கேற்றியபோது பிரெக்ட் நேரிலேயே வந்து பார்த்தார். அதே வருடம் ஆகஸ்டில் இறந்துபோனார். 1973இல் ஸ்ட்ரேலர் அதை மறுபடி எடுத்தார். கத்திக்காரன் மேக்கியாக நடித்தவர் தொமேனிகோ மொதுன்யோ. ஜென்னியாக மில்வா. பதினோரு வருடத்துக்கு முன் சான்ரேமோவில் முதலிடமும் இரண்டாமிடமும் வாங்கிய இரண்டு பேர் ஒரே மேடையில், ஜெர்மானியக் கவிஞன் எழுதிய திருடனாகவும் அவனைக் காட்டிக்கொடுக்கும் வேசியாகவும்! 1986இல் ஸ்ட்ரேலர் பாரிஸின் ஷாத்லே அரங்கில் இதையே பிரெஞ்சில் போட்டபோதும் ஜென்னி மில்வாதான்.

பிரெக்ட் நாடகத்தில் பாட்டு வருவது நம் பழைய நாடகங்களில் வருவது போல அல்ல. பாத்திரம் உருகி உருகிப் பாடாது. கதை நிற்கும், விளக்கு மாறும், நடிகர் ஒரு அடி முன்னால் வந்து நடந்ததை நம்மிடம் எடுத்துச் சொல்வார். அழ வைப்பதைவிட யோசிக்க வைப்பதுதான் நோக்கம். பெரிய குரல் உள்ளவருக்கு இது தண்டனை. தெரிந்த வித்தையை எல்லாம் மடியில் கட்டி வைத்துவிட்டு, சொல்லை முன்னே விட்டுக் குரல் அதன் பின்னால் நடக்க வேண்டும்.

நடுமுற்றத்தில் தூண்களுக்கு நடுவே ஒரு காப்பிக் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டேன். முதலில் ‘தாங்கோ இத்தாலியானோ’, 1962. குரல் கடல் மாதிரி வருகிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது ஏறி நின்று கைதட்டலுக்குக் காத்திருக்கிறது. அழகு, சந்தேகமில்லை. அடுத்து ‘சுரபாயா ஜானி’, பிரெக்ட் எழுதி குர்ட் வைல் இசையமைத்தது. கப்பல்காரன் ஒருவனை நம்பிச் சின்ன வயதிலேயே கூடப் போன பெண்ணின் கதை. நீ பொய்யன், ஏமாற்றுக்காரன், வாயிலிருக்கும் அந்தப் பைப்பை எடுடா நாயே என்று திட்டித் திட்டி, கடைசியில் உன்னை இவ்வளவு நேசிக்கிறேனே என்று உடைகிறாள். மில்வா பாதியைப் பேசுகிறார். மூச்சு கேட்கிறது. உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் குரலை இறக்கிவிடுகிறார். அதே தொண்டைதான். ஆனால் இப்போது அதற்குப் பின்னால் பாட்டு என்ன சொல்கிறது என்று தெரிந்த ஒருத்தி நிற்கிறாள்.

பூஃப் து நோரில் நான் கேட்டதும் இந்த ஆளைத்தான். பியசோலாவோடு அவர் ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் பாடும்போது அந்த மொழிகள் எனக்குத் தெரியாது. இருந்தும் ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டது. அதை அவர் கற்றுக்கொண்டது இந்த முற்றத்தில்தான் என்று நான் நம்புகிறேன். இந்தத் திறமை ஜெர்மனியிலும் அவரை அந்நியராக வைக்கவில்லை. பிரெக்டை அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குப் பாடிக் காட்டிய இத்தாலியப் பெண் என்று அந்த நாடு தன் பாடகியாகவே எடுத்துக்கொண்டது. மிக்கிஸ் தியோடோராக்கிஸின், வாங்கெலிஸின் இசையில் ஜெர்மன் பாடல் தொகுப்புகள் வந்தன. பிற்பாடு ஜெர்மன், பிரெஞ்சு அரசுகளின் உயர் விருதுகளும் வந்தன.

காப்பி ஆறிப்போயிருந்தது. பரிமாறுபவர் கேட்காமலே இன்னொன்று கொண்டுவந்து வைத்தார்.

ஆறாம் நாள் – மிலான்

காலையில் லா ஸ்காலா. 1778இல் திறந்த ஆபரா அரங்கு, அதாவது முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் இசைநாடகங்களுக்கானது. அருங்காட்சியகச் சீட்டு வாங்கினால் ஒரு மாடத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஒத்திகை இல்லாத நேரம் எனக்கு வாய்த்தது. சிவப்புத் துணி, தங்க விளிம்பு, கீழே ஒருவர் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். 1982 மார்ச்சில் இந்த மேடையில் இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோவின் ‘லா வெரா ஸ்தோரியா’ அரங்கேறியது. எழுத்து இதாலோ கால்வினோ. அதில் நம்மூர் கட்டியங்காரன் போல வெளியே நின்று கதையைப் பாடிச் சொல்லும் தெருப்பாடகி வேடம். அந்தப் பாடல்களைப் பாடியவர் மில்வா. ஆபரா பாடகர்களுக்கு நடுவே, ஆபரா குரல் வேண்டாம் என்ற இடத்தில் இவருடைய குரல்தான் வேண்டும் என்று பெரியோ நினைத்திருக்கிறார். அதே 1982இல் பாடகரும் இசையமைப்பாளருமான பிராங்கோ பத்தியாத்தோ அவருக்கு ‘அலெக்ஸாண்டர் பிளாட்ஸ்’ கொடுத்தார். அது ஜனரஞ்சகப் பாட்டு, வானொலியில் பிய்த்துக்கொண்டு போனது. ஒரே வருடத்தில் லா ஸ்காலாவும் வானொலியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

மத்தியானம் நவீலியோ வாய்க்கால் பக்கம் போனேன். கவிஞர் ஆல்டா மெரினி இந்தக் கரையில்தான் வாழ்ந்தார். மனநல மருத்துவமனைகளில் பல வருடங்கள் அடைபட்டுக் கிடந்துவிட்டு வந்து, அந்த அனுபவத்தையே கவிதையாக்கியவர். 2004இல் மில்வா அவருடைய கவிதைகளைப் பாடி ஒரு தொகுப்பு கொண்டுவந்தார், இசை ஜோவான்னி நூத்தி. அறுபத்தைந்து வயதுக் குரல். கரகரப்பு ஏறியிருக்கும். பிரெக்டிடம் கற்றதை மெரினியிடம் கொண்டு சேர்த்திருப்பார். இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டிய தொகுப்பு.

2010இல் பத்தியாத்தோவோடு கடைசித் தொகுப்பு. அந்த வருடமே மேடையை விட்டுவிடுவதாக ஒரு கடிதம் எழுதி அறிவித்தார். குரல், உடல், நடிப்பு எல்லாம் சரியாகச் சேர்ந்து வருகிற அந்த அபூர்வமான சேர்க்கை தன்னை விட்டு நழுவுகிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். பாட முடியாது என்று சொல்லவில்லை. சேர்ந்து வரவில்லை என்றால் செய்ய மாட்டேன் என்பதுதான் அதன் சாரம்.

சாயங்காலம் லான்ஸா மெட்ரோவில் இறங்கி தியாத்ரோ ஸ்ட்ரேலர். பிக்கோலோவின் பெரிய அரங்கு. பல வருட இழுபறிக்குப் பின் 1998இல் திறந்தது. ஸ்ட்ரேலர் அதற்குச் சில வாரம் முன்பு, 1997 கிறிஸ்துமஸ் அன்று இறந்துவிட்டார். 2021 ஏப்ரல் 23இல் மில்வா மிலானில் காலமானார். வயது 81. பெருந்தொற்றுக் காலம், கூட்டம் கூட முடியாது. இருந்தும் அஞ்சலிக்காக உடலை வைத்தது இந்த அரங்கின் முன்கூடத்தில்தான். சான்ரேமோ நடைபாதையில் பெயர் கிடைக்காதவருக்கு மிலான் நாடகக்காரர்கள் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

இன்றைக்கு அங்கே ஒரு நாடகம் இருந்தது. சீட்டு கிடைத்தது, பின்வரிசை. மணி அடித்ததும் முன்கூடம் காலியானது. நான் கடைசியாக உள்ளே போனேன். கதவருகே நின்ற வயதான பணியாளர் சீட்டைக் கிழித்துவிட்டு, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். இந்தியா, ஆனால் இந்த வாரம் கோரோவிலிருந்து என்றேன். அவர் முன்கூடத்தின் ஒரு பக்கத்தைக் கையால் காட்டினார். “அங்கே,” என்றார். “அங்கேதான் வைத்திருந்தோம்.” அதற்குள் விளக்கு அணைய ஆரம்பித்துவிட்டது.

நாளை காலை ஏழு மணிக்கு மல்பென்சா விமான நிலைய ரயில். பெட்டி இன்னும் கட்டவில்லை.